அசையாமல் இருக்கக் கற்ற நாய்

பின்கட்டில் கோழி ஈரல் வெந்துகொண்டிருக்கிறது. நான்தான் வேகவைக்கிறேன். ஆமாம், நானேதான். முட்டை வாங்கிய பையைக்கூட வாசற்படி தாண்ட விடாத நான், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உங்களுடைய அந்த ஒற்றை அடுப்பில் ஈரலைக் கிளறிக்கொண்டு நிற்கிறேன். இந்த நாற்றம் எழும்போதெல்லாம் உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாதாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் உயிரோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறான்.

பேச ஆரம்பித்தால் நம் மகள் பவித்ரா அழுதுவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேச நீங்கள் இல்லை, முழுதாகக் கேளுங்கள்.

சின்னதாக ஒரு நாய்க்குட்டி என்றுதானே சொன்னீர்கள்? கறுத்த மூஞ்சியும் செம்பட்டை முடியுமாக ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"இன்னாங்க இது, நரி மாதிரி இருக்குது?"

"பெல்ஜியன் மாலினாய்ஸ்மா. போலீஸ்ல, மிலிட்டரில எல்லாம் இதத்தான் வெச்சிருப்பாங்க."

"நம்ம வீட்டுல இன்னா, எல்லைச் சண்டையா நடக்குது?"

நீங்கள் சிரித்தீர்கள். டர்போ என்று பெயர் வைத்தீர்கள். பெயருக்கு ஏற்ற மாதிரிதான் அதுவும் நடந்துகொண்டது. உட்காரவே தெரியாது. வேலை எதுவும் கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். செருப்பு, பெஞ்சுக்கால், கேஸ் டியூப் எல்லாம் அதன் வேலைதான். ஒருநாள் நான் தறியில் நெய்துகொண்டிருக்கும்போது, நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவைப் பார்த்துவிட்டு ஒரே பாய்ச்சல். தறிக்குழிக்குள் என் கால் மேல் நாய், மேலே பாவு அறுந்து தொங்குகிறது. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்க்க எனக்கு அன்றைய பொழுது முழுவதும் போனது. தறி வேண்டுமா நாய் வேண்டுமா என்று நான் கத்தியது பெரிய காஞ்சிபுரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"இத மட்டும் ட்ரைன் பண்ணிட்டா தங்கமாயிடும்மா," என்றீர்கள். பண்ணியும் காட்டினீர்கள், அதை நான் மறைக்க மாட்டேன். சில மாதங்களில் அதே நாய் என் தறிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. கண் மட்டும் நாடாவோடு போய் நாடாவோடு வரும். ஆசையில் தோலெல்லாம் நடுங்கும். ஆனாலும் நீங்கள் "ஸ்டே" என்று சொல்லியிருந்தால் ஒரு விரற்கடை நகராது. நாய்கள் போட்டியில் எதிரே கோழி ஓடினாலும் என் நாய் அசையாது, என் பொண்டாட்டியின் நாடாவைப் பார்த்துப் பழகியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. காலையிலிருந்து இருட்டும் வரை பட்டுக்கடையில் நின்றுகொண்டு "வாங்கம்மா, பாருங்கம்மா, புடிக்கலைன்னா வேற காட்றேம்மா" என்று புடவை பிரித்துப் போடுகிற வேலை. அத்தனையும் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போவார்கள். உலகத்துக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு, தன் முகத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒட்டி நடக்கிற ஒரு ஜீவன் வேண்டியிருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். விட்டதற்கு எனக்கு நல்ல பலன் கிடைத்தது.

அந்த அண்ணாந்த பார்வைக்காகத்தானே இந்த ஈரல் கூத்து! வேகவைத்த ஈரலைப் பொடிசாக நறுக்கி உங்கள் கன்னத்தில் அடக்கிக்கொள்வீர்கள். நாய் உங்கள் முகத்தைப் பார்த்தபடி நடந்தால், வாயிலிருந்து ஒரு துண்டைத் துப்புவீர்கள். அது காற்றிலேயே கவ்விக்கொள்ளும். கையால் கொடுத்தால் கையைத்தான் பார்க்குமாம், முகத்தைப் பார்க்காதாம். பூசை அறையில் திருநீற்றுக் கிண்ணம் வைத்திருக்கிற வீட்டில் வாய் நிறையக் கோழி ஈரல்!

"முழுங்கலையே, வாயில வெச்சிக்கினு தானே இருக்கேன்?"

"உங்க வாய் இன்னா டிபன் பாக்ஸா? எச்சில துப்பி நாய்க்கு ஊட்றீங்க, கருமம். வாயக் கழுவாம உள்ள கால வெக்காதீங்க."

கழுவிவிட்டுத்தான் வருவீர்கள். அந்த மட்டும் மரியாதை இருந்தது.

போட்டியில் இன்னொரு சோதனையும் உண்டு என்பீர்கள். முன்பின் தெரியாத ஆள் வந்து பிஸ்கட்டை நீட்டுவார், கீழேயும் போடுவார். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்காக வீட்டுக்கு வந்த விருந்தாளி கையில் எல்லாம் பிஸ்கட்டைக் கொடுத்து நீட்டச் சொல்வீர்கள். கடைசியில் உங்கள் கையிலிருந்தும் வாயிலிருந்தும் தவிர எதையும் அது தொடாமல் போயிற்று. பெற்ற மகள் ஆசையாக ஒரு துண்டு ரொட்டி வைத்ததற்கு அவளை அழ அழத் திட்டினீர்கள். "நீங்க யாரும் கைய வெக்காதீங்க, ட்ரைனிங் கெட்டுடும்." இந்த வீட்டில் நாங்கள் இருவரும் நாய்க்கு அந்நியர்கள்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். விழுந்து விழுந்து பழக்கினீர்களே, அதை மட்டும் என்னால் முடியவில்லை.

"ஸ்டே" என்று சொல்லிவிட்டுத் தூரமாகப் போய்த் திடீரென்று தரையில் சாய்வீர்கள். உருளுவீர்கள். முனகுவீர்கள். எஜமான் விழுந்தாலும் ஸ்டே உடையக் கூடாதாம். உடைத்து ஓடிவந்தால் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போவீர்கள். பாலாற்று மணலில் விழுந்தீர்கள், தேர் வீதியில் மேளச்சத்தத்துக்கு நடுவில் விழுந்தீர்கள். முதன்முறை நம் கூடத்தில் தடாலென்று விழுந்தபோது நான் தறிக்குழியிலிருந்து எகிறி ஓடிவந்தேன். முழங்கால் கட்டையில் இடித்து ரத்தமே வந்துவிட்டது. நீங்கள் படுத்த வாக்கில் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"ஷ்! நீ வராதம்மா. ஸ்டே கெட்டுப்போயிடும்."

அதற்குப் பிறகு நீங்கள் விழுந்தால் நான் நாடாவைக்கூட நிறுத்துவதில்லை. நாய்க்கு மட்டுமா பழக்கினீர்கள், எங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் பழக்கிவிட்டீர்கள்.

சென்னைப் போட்டி நெருங்கிய சமயத்தில் நெஞ்சை நீவ ஆரம்பித்தீர்கள். மாடிப்படியில் பாதியில் நின்றுகொள்வீர்கள். கேட்டால், "கேஸ்தாம்மா." இஞ்சி தட்டிக் கஷாயம் வைத்து நீட்டினேன், அப்புறம் என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஆட்டோவையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். "போட்டி முடியட்டும், நானே வரேன், ஊரக் கூட்டாத" என்று ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பினீர்கள். நான் நீட்டிய எதையாவது வாங்கிக்கொண்டீர்களா? முகத்தைத் திருப்பிக்கொள்ள டர்போவுக்கு நீங்கள் தனியாகக் கற்றுக்கொடுத்திருக்கவே வேண்டாம். உங்களைப் பார்த்தே அது கற்றிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கை ஆற்று மணலில் நடந்தது எனக்குச் சேகர் சொல்லித்தான் தெரியும். தன்னுடைய ஜெர்மன் ஷெப்பர்டை வைத்துக்கொண்டு உங்களோடு ஆற்று மணலுக்கு வருவானே, அந்தச் சேகர்தான். ஈமச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"அண்ணன் ஸ்டே சொல்லிட்டு நடந்தாருக்கா. விழுந்தாரு. நான் ட்ரைனிங்னு நெனச்சிக்கினு பாத்துக்கினே இருந்தேன். டர்போ ஆடல, அசையல. 'சூப்பர் ஸ்டே அண்ணா'ன்னு கத்தினேன்கா. கை தட்டினேன்..."

மிச்சத்தை வாசற்படியைப் பார்த்தபடியே சொன்னான். எப்போதும் எழுந்துவிடுகிற நீங்கள் எழவில்லை. டர்போ முனக ஆரம்பித்திருக்கிறது, நடுங்கியிருக்கிறது, ஆனால் எழவில்லை. அது முனகியதைப் பார்த்துத்தான் சேகருக்கு என்னவோ உறைத்து ஓடிவந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார்கள். உங்களைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போன பிறகும் அது அதே இடத்தில்தான் படுத்துக் கிடந்ததாம். எழுந்து வா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லவா?

யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அதையே பேசினார்கள். "எஜமான் விழுந்த எடத்த விட்டு நகரலையாமே! நாய்க்கு இருக்கிற விசுவாசம் மனுசனுக்கு இருக்குதாம்மா?" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விசுவாசமா அது? ஓடிப்போய் உங்கள் மூஞ்சியை நக்க வேண்டும் என்று அது துடித்திருக்கும். குரைத்து ஊரைக் கூட்டியிருக்கும். அந்தக் குணத்தைத்தானே இழுத்து இழுத்து அடக்கி வைத்தீர்கள்! எழுந்திருங்கள், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

சேகர் இழுத்துவந்து வீட்டில் விட்டதிலிருந்து டர்போ சாப்பிடவில்லை. நான் வைத்தேன், பவித்ரா வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. சேகர் உங்களைப் போலவே ஈரலை வாயில் வைத்துத் துப்பிப் பார்த்தான், அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கால்நடை டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, தானாகத் தின்றால்தான் பிழைக்கும் என்றார். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தது. பண்ணைவீட்டுக்காரர் ஒருவர் காவலுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டு வந்தார். கொடுத்துவிடு என்று உறவெல்லாம் சொன்னது. பவித்ரா மட்டும், "அப்பாவும் போயாச்சு, இதுவும் போவணுமாமா?" என்று கேட்டாள்.

பின்கட்டுக்குப் போனேன். இதன் எதிரில் நின்று திட்டித் தீர்த்தேன். உங்களைத் திட்ட வேண்டியதை எல்லாம் அதைத் திட்டினேன். "தின்றியா, இல்ல நீயும் போய்ச் சேர்றியா?" கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தது. சேகர் வேகவைத்து வைத்திருந்த கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. பிறந்ததிலிருந்து நாக்கு அறியாத ஒன்றை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். குடலே வெளியே வருவது போல் குமட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நீங்கள் நிற்கிற மாதிரியே நிமிர்ந்து நின்று துப்பினேன். முதல் துண்டு அதன் மூக்கில் பட்டுத் தரையில் விழுந்தது, தொடவில்லை. அடுத்ததைப் போட்டுக்கொண்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து உட்கார்ந்தது. துப்பினேன். கவ்விக்கொண்டது.

கிண்ணம் காலியாகும் வரை துப்பினேன். பிறகு குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். இது வந்து என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்குத்தான் நான் உங்களுக்காக வாய்விட்டு அழுதேன்.

இப்போது அது தட்டிலும் தின்கிறது, பவித்ரா கையிலும் தின்கிறது. தெருவில் யார் நீட்டினாலும் வாங்கிக்கொள்கிறது, வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் நான்தான் ஓரிக்கைக்குக் கூட்டிப்போகிறேன். ஓட விடாமல் வீட்டில் வைத்தால் என் தறி தப்பாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் நாய் பழக்குகிறவளை ஊர் வேடிக்கை பார்க்கிறது.

மற்றது எதையும் நான் கலைக்கவில்லை. அழகாக ஒட்டி நடக்கிறது, கூப்பிட்டால் பறந்து வருகிறது. ஒன்றை மட்டும் அழித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். "ஸ்டே" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் மணலில் விழுவேன். வராது. படுத்த இடத்திலேயே நடுங்கும், ஊளையிடும், வராது. எழுந்துபோய்ப் பட்டையைப் பிடித்து நான் விழுந்த இடத்துக்கு இழுத்து வருவேன். இங்கே வரணும், இங்கே வரணும் என்று ஈரலைக் கொடுப்பேன். மறுநாளும் விழுவேன். உடம்பெல்லாம் மணல், முழங்காலெல்லாம் சிராய்ப்பு. சேகர் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, இதப் பழக்கிட்டா எந்தப் போட்டியிலயும் நிக்க முடியாதுக்கா. அண்ணன் எவ்ளோ கஷ்டப்பட்டுச் செஞ்ச ஸ்டே!"

"உங்க அண்ணன் செஞ்ச ஸ்டே போதும்பா," என்றேன். "கெட்டுப்போவட்டும்."

இன்று காலை விழுந்தேன். முகத்தை மணலில் புதைத்துக்கொண்டு கிடந்தேன். ஊளைச் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. இன்றைக்கும் இல்லை என்று நினைத்த நேரத்தில் மணலில் தடதடவென்று கால் சத்தம். வந்த வேகத்தில் என்மேலேயே மோதி விழுந்தது. கழுத்தை, காதை, முகத்தை எல்லாம் நக்குகிறது, முன்காலால் என்னைப் பறண்டி எடுக்கிறது, ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி குரைக்கிறது. சேகர் அந்தக் கோடியிலிருந்து செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான்.

அவ்வளவுதாங்க. அது குரைத்து ஆள் ஓடிவர இவ்வளவு நேரம்தான் ஆனது. இனி இந்த வீட்டில் யார் விழுந்தாலும் அது ஓடி வரும், ஊரைக் கூட்டும். உங்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.