முப்பத்தேழாம் நம்பர்

மார்ச் 4, திங்கள்

எங்கேயோ ஒரு விமான நிலையத்தில், சரக்கோடு வந்த பொட்டலத்துக்குள் குண்டு இருந்ததாம். அதற்கு இங்கே என் உயிரை வாங்குகிறார்கள். எங்கள் பார்சல் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. எல்லாப் பார்சலையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அனுப்புகிறவரின் அடையாள அட்டை கட்டாயம். மேனேஜர் அதை என் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். திட்டு வாங்குவது நான். பதினோரு வருடமாக வாங்கிப் பழகிவிட்டது.

மருமகளுக்கு ஸ்வெட்டர் அனுப்ப வந்த ஒரு அம்மாள், "இந்தக் கம்பளியில என்னத்த தேடறீங்க?" என்றார். "மருமகளுக்கு மாமியார் அனுப்பறதாச்சே, அதான் சந்தேகம்" என்றேன். நல்லவேளை, அவரும் சிரித்தார்.

மார்ச் 5, செவ்வாய்

செவ்வாய் என்றால் கடிகாரக்காரர். எங்கள் தெருமுனையில் கடை. பழுது பார்த்த கடிகாரங்களை வெளியூருக்கு அனுப்புவார். வாடிக்கையாளர் நம்பர் முப்பத்தேழு. கம்ப்யூட்டரில் அந்த நம்பரைத் தட்டினால் பெயர், முகவரி, அட்டை விவரம் எல்லாம் தானாக வந்துவிடும். அதனால் அட்டை இல்லாமல் வருகிற அவசரக்காரர்களுக்கும் பல நாள் முப்பத்தேழைத் தட்டிவிடுவேன். நாலு மணிக்கு வண்டி கிளம்பிவிடும், அதற்குள் வரிசை தீர வேண்டாமா? போன மாதம் அவரிடமே சொன்னேன், "பாதி ஊரு உங்க பேர்லதான் பார்சல் அனுப்புது, தெரியுமா?" சிரித்துக்கொண்டே போனார்.

இன்று அவர் பெட்டிக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ஆள் சத்தம் கேட்டு நாலடி தள்ளிப் போனான். கடிகாரக்காரர் அதை எடுத்துக் காட்டி, "மணி பத்தரைதான் சார், பயப்படாதீங்க" என்றார். அந்த ஆள் முகம் அப்படியே இருந்தது. கடிகாரக்காரருக்குக் காய்ச்சல், கண் சிவந்திருந்தது. போய்ப் படுங்கள் என்று அனுப்பினேன்.

மார்ச் 6, புதன்

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் ஓடி வந்தாள். யார் வீட்டிலோ தங்கி வேலை செய்கிறவள். அம்மாவுக்கு மூன்று டப்பா முகப்பவுடர், ஒரு பழைய போன், சார்ஜர். அட்டையை முதலாளியம்மா வாங்கி வைத்துக்கொண்டாளாம். "நாளைக்கு என்னை வெளிய விட மாட்டாங்க அக்கா." அழுதுவிடுவாள் போலிருந்தது. முப்பத்தேழைத் தட்டி, டேப் ஒட்டி, வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 7, வியாழன்

நம் ஊர் விமான நிலையத்திலேயே ஒரு பொட்டலமாம். சரக்குக் கிடங்கில் எல்லாரையும் வெளியே ஓட்டிவிட்டார்களாம். மதியம் முழுக்க டிவியில் அதே கட்டடம், அதே வண்டிகள். பஸ் நிறுத்தத்தில் யாரோ விட்டுப்போன பையைச் சுற்றி ஐம்பது பேர் தூரத்தில் நின்றார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து, "என் சாப்பாட்டுப் பை" என்று எடுத்துக்கொண்டு போனான். அவனையும் நாலு பேர் திட்டினார்கள்.

மார்ச் 8, வெள்ளி

எங்கள் கவுண்டரில் இருந்து போனது.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். எக்ஸ்ரேயில் தூளும் ஒயரும் தெரிந்ததாம். அனுப்பியவர் முப்பத்தேழு. அவர்கள் படித்தது கடிகாரக்காரர் பெயரை. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"வழக்கமா வர்றவர்தான் சார்."

இதைத்தான் சொன்னேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் கேவலம்.

அந்தப் பெண் அப்படிப்பட்டவளா? பவுடர் டப்பாவை நான் திறந்தா பார்த்தேன்? என்னைத்தானே முதலில் உள்ளே தள்ளுவார்கள்? இதெல்லாம் மண்டைக்குள் ஓடி முடிவதற்குள் அவர்கள் தெருமுனைக்குப் போய்விட்டார்கள். காய்ச்சலோடு கடை திறந்திருந்தாராம். கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக்கூடக் கழற்ற விடவில்லையாம்.

மார்ச் 9, சனி

அவர் கடை வாசலில் ஊர்க் கடிகாரமெல்லாம் கிடக்கிறது. அவர் கைபட்டது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாதென்று கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சுவர்க் கடிகாரம், அலாரம், ஒரு வாளித் தண்ணீருக்குள் மூன்று கைக்கடிகாரம். பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் சொல்கிறார், "ஆள் ரொம்ப அமைதி. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துது." போன மாதம்வரை இவர்தான் தினமும் அங்கே உட்கார்ந்து டீ குடித்தவர்.

என் வீட்டுக்காரர் எங்கள் கடிகாரத்தையும் பேட்டரியை உருவி மொட்டைமாடியில் வைத்துவிட்டார். நடந்ததை அவரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "அவர் எதுவும் பண்ணலன்னா நாலு நாள்ல விட்டுடுவாங்க. நீ வாயைத் திறந்தா நாம நடுத்தெருவுக்கு வந்துடுவோம்" என்றார். எனக்கும் அதைத்தான் காதால் கேட்க வேண்டியிருந்தது போல. தலையாட்டினேன்.

மார்ச் 11, திங்கள்

கடிகாரக்காரரின் மனைவி கவுண்டருக்கு வந்தார். வரிசை அப்படியே விலகி வழிவிட்டது. மரியாதைக்கு இல்லை.

"புதன்கிழமை அவர் காய்ச்சல்ல எழுந்திருக்கவே இல்லைங்க. நான்தான் கஞ்சி கொடுத்தேன். நீங்கதானே பதிஞ்சீங்க, அவர் இங்க வந்தாரா? அதை மட்டும் சொல்லுங்க."

மேனேஜர் கதவைத் திறந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க இருக்கு" என்றேன்.

"கம்ப்யூட்டரைக் கேக்கலைங்க. உங்களைக் கேக்கறேன்."

அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

இன்று செவ்வாய்.

மார்ச் 13, புதன்

பவுடர்தான். வெறும் முகப்பவுடர், போன், சார்ஜர். பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. அப்பாடா என்று அழுதேன். அது ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. இன்னும் அவரை விடவில்லை. மேனேஜர் சொல்கிறார்: "பவுடர்னா ஒத்துக்க வேண்டியதுதானே? நான் அனுப்பவே இல்லைன்னு ஏன் சாதிக்கிறான்? வேற எதையோ மறைக்கிறான்." தெருவும் அதையேதான் சொல்கிறது. பார்சல் போக வேண்டிய, அந்தப் பெண்ணின் அம்மா இருக்கும் ஊருக்கு விசாரிக்க இன்னும் ஆள் போய்ச் சேரவில்லையாம்.

அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல மாட்டிக்கொண்டே போகிறார். என் நாலு நாள் கணக்கு என்ன ஆயிற்று? நான் எல்லாம் ஒரு மனுஷியா - வேறு என்ன எழுத.

மார்ச் 14, வியாழன்

காலையில் வேலைக்குப் போகிற நேரத்துக்கே கிளம்பி, நேரே காவல் நிலையத்துக்குப் போய்விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் கையாலேயே எழுதவைத்து வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி படித்துவிட்டு, "ஆறு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் கேட்டார்கள். உயரம், நிறம், எந்தப் பக்கமிருந்து வந்தாள். அவளையும் இழுத்துவிட்டேன்.

மதியமே வேலை போய்விட்டது. மேனேஜர் சுற்றறிக்கையை விரலால் தட்டிக் காட்டினார். அவரும் முப்பத்தேழைத் தட்டியவர்தான். சொல்லவில்லை, தெம்பு இல்லை. வீட்டுக்காரர் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

மார்ச் 16, சனி

அவரை விட்டுவிட்டார்கள். மாலையில் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து, வாளியில் கிடந்த கடிகாரங்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே காதில் விழவில்லை.

"என் பேர்ல போன பார்சல்னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுதுங்க" என்றார். "போன மாசம் நீங்களே சொன்னீங்களே, பாதி ஊரு என் பேர்லன்னு."

"அப்பவே ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

"மாட்டிக்கிட்டவன் ஒரு பொம்பளை மேல பழி போடறான்னுதான் சொல்வாங்க. நீங்களே வந்து சொன்னாத்தான் எடுபடும். எப்படியும் வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்." ஒரு கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "முதல் நாளே வருவீங்கன்னு நினைச்சேன்."

திட்டியிருக்கலாம். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

மார்ச் 23, சனி

அந்தப் பெண்ணை விசாரித்துவிட்டு விட்டார்களாம். முதலாளியம்மா வேலையைவிட்டு நிறுத்திவிட்டாளாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் கடிகாரத்தை மாடியிலிருந்து எடுத்துவந்து, பேட்டரி போட்டு மாட்டினேன். வீட்டுக்காரர் பார்த்தார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஒரு இடத்தில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பழைய இடத்துக்குப் போக முகமில்லாமல், பெரிய தெருவில் இருக்கும் இன்னொரு பார்சல் அலுவலகத்துக்குப் போனேன். நீள வரிசை. நடுவில் மட்டும் ஓர் ஆள். அவருக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கடிகாரக்காரர். பெட்டி இல்லை. கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் பையில் கடிகாரத்தை ஒரு பக்கம், பேட்டரியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்திருந்தார். ஒட்டவும் இல்லை, கட்டவும் இல்லை.

அவருக்குப் பின்னால் நின்ற ஆளிடம், "நீங்க நிக்கலைன்னா நான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் காலி இடத்தில் போய் நின்றேன். ஒரு கையகலம்தான் இடைவெளி. அவர் திரும்பிப் பார்த்தார். தலையை லேசாக அசைத்த மாதிரி இருந்தது. எனக்காக அசைத்ததா என்று தெரியாது.

அவர் முறை வந்தது. கவுண்டர் பெண் சின்னப் பெண், அவரை யாரென்று தெரியாது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ரெகுலர் கஸ்டமரா சார்? நம்பர் சொன்னா போதும்" என்றாள்.

"நம்பர் இல்லம்மா" என்றார்.

பையைத் திறந்து மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார். அடையாள அட்டையை எடுத்து வைத்தார். பிறகு யாரும் கேட்காமலே, இரண்டு கைகளையும் விரித்து அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் சரி என்று சொல்லும்வரை அப்படியே நின்றார்.