நீலக் கரை போட்ட மங்குக் குவளை

ஐயா,

நேற்று ஒரு புதுக் காப்பிக் கடைக்குப் போனேன். ஈப்போ பழைய டவுனில், முன்பு அரிசி மூட்டை அடுக்கியிருந்த கடைவீட்டின் சுவரைச் சுரண்டி, செங்கல் தெரிய விட்டு, உள்ளே நாற்காலி போட்டிருக்கிறார்கள். மேசையில் ஒட்டியிருக்கிற கட்டம்போட்ட படத்தைக் கைப்பேசியால் பிடித்தால்தான் காப்பி வரும். என் மருமகள் பிடித்தாள். காப்பி வந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். வெள்ளைப் பூச்சு, வாயைச் சுற்றி நீலக் கரை, பிடிக்குப் பக்கத்தில் பூச்சு பெயர்ந்து கறுப்புத் தகரம். உங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆணியில் தொங்கிய அதே மங்குக் குவளை.

"என்ன மாமா, ரொம்பச் சூடா?"

"இல்லம்மா. இந்தக் குவளைய எனக்குத் தெரியும்."

"ஐயோ மாமா, இதுதான் இப்ப ஃபேஷன்" என்று சிரித்தாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. நான் சொல்லச் சொல்ல இதை அவள்தான் எழுதுகிறாள். அடுத்து வருவதைச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டு, "நெசமாவா மாமா?" என்றாள். நிஜம்தான், எழுதும்மா என்றேன்.

பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம். நீங்கள் யாழ்ப்பாணத்து வழி வந்த கிராணி. மேட்டில் தனி வீடு, கணக்கும் பேனாவும். நான் பால்மரம் வெட்டுகிறவன், பள்ளத்தில் லயத்து வரிசை வீடு. மரம் வெட்டாத நாட்களில் உங்கள் வீட்டுக்கு விறகு பிளக்க வருவேன். வேலை முடிந்ததும் உங்கள் அம்மா காப்பி கொடுப்பார்கள். கஞ்சத்தனம் கிடையாது, பாலும் சீனியும் தாராளம். பின்வாசல் தூணில் ஓர் ஆணி, அதில் அந்தக் குவளை. நானே எடுத்து நீட்டுவேன். அவர்கள் குவளையில் படாமல் உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் குழாயடியில் கழுவி, திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவேன். இப்படிச் செய்யென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் அப்பா செய்வதைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டிருப்பீர்கள். தாளுக்குக் கீழே உங்கள் கால்கள் மட்டும் தெரியும்.

தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்து வீடுகள் கட்டினார்கள். நான் மகனோடு ஈப்போவுக்கு வந்துவிட்டேன். வருஷங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு குரல்: "முனியாண்டிதானே?"

சடக்கென்று எழுந்து நின்றேன்.

"இரும் லா. பேர் கூப்பிட்டா எழும்பி நிக்கிறதுக்கு இது என்ன தோட்டமா?"

தோட்டத்தில் 'டேய்' என்றுதான் கூப்பிடுவீர்கள். அன்றைக்கு 'இரும்' என்றீர்கள். மனைவி காலமாகிவிட்டார்கள், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், தனியாக இருக்கிறேன் என்றீர்கள். பிறகு மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு, "வாரும், ஒரு கோப்பி குடிப்பம்" என்றீர்கள்.

பளிங்கு மேசை போட்ட சீனர் கடை. நீங்கள் உட்கார்ந்தீர்கள், நான் நின்றேன். காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினீர்கள். கடைக்காரத் தவுக்கே இரண்டு கப்பைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார். கனத்த பீங்கான், பச்சைப் பூ. இரண்டும் ஒரே மாதிரி. நீங்கள் ஒன்றை எடுக்கும்வரை நான் மற்றதைத் தொடவில்லை.

குடித்து முடித்ததும் கப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கழுவத்தான். கடை நடுவில் நின்று குழாயைத் தேடுகிறேன். கப்பை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாயா அங்கிள் என்று தவுக்கே மலாயில் கத்த, கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"வையும். கழுவ இஞ்ச ஆக்கள் இருக்கினம்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை காலை என்றால் காப்பிக் கடைதான். போன வாரம் போன கடைக்கு இந்த வாரம் போகக் கூடாது என்பது உங்கள் சட்டம். ரயில் நிலையத்துப் பக்கம், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று ஈப்போவைச் சல்லடை போட்டோம். பலகையை நீங்கள் படிப்பீர்கள். நான் வாசலில் நின்று, கொட்டை வறுத்த வாசனையை மோந்து, "இது தேறாதுங்கையா" என்பேன். "உள்ள போய்க் குடிச்சிட்டுத் திட்டுவம்" என்பீர்கள். திட்டுவதற்காகவே சில கடைகளுக்குப் போனோம்.

உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி. பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கொசோங்தான் சொல்வீர்கள். ஒரு மடக்கு குடித்து, வேப்பெண்ணெய் குடித்தவர் போல முகத்தைச் சுளிப்பீர்கள். நான் தெருவைப் பார்க்கிற நேரம் என் கப் உங்கள் பக்கம் நகர்ந்திருக்கும். முதல் தடவை பதறிப் போனேன்.

"ஐயா, ஐயா! அது நான் வாய் வச்சது!"

"அதுக்கென்ன? நீர் வாய் வச்சா சீனி செத்தா போச்சு?"

பாதியைக் குடித்துவிட்டு நகர்த்தி வைத்தீர்கள். மீதியை நான் குடித்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மாமாக் என்று சொல்கிற முஸ்லிம் கடைப் பாய்கூட நம்மைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஐயாவுக்குக் கொசோங்! அண்ணனுக்கு ரெண்டாளு சீனி!"

"இந்த ஐயாவை விடும். மச்சான் எண்டு கூப்பிடும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்.

"சரிங்கையா" என்பேன். தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

ஆனால் ஒன்று மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. வெறும் சீனிக்காகத்தான் என் கப்பை எடுக்கிறீர்களா? அந்த ஆணி உங்களுக்கு நினைவு இருக்கிறதா? எப்படிக் கேட்பது? கேட்டால் சனிக்கிழமை கெட்டுப் போகும்.

ஒரு சனிக்கிழமை பீடோருக்கே போவோம் என்றீர்கள். பஸ் ஏறிப் போய், அங்கே ஒரு பழைய கடையில் உட்கார்ந்தோம். கொசோங் வந்தது, நீங்கள் தொடவில்லை.

"உம்மட குவளை..." என்று தொடங்கி நிறுத்தினீர்கள். "நீர் கழுவி மாட்டுவீர். தகரம் ஆணியில படுற சத்தம் உள்ளுக்க கேக்கும். அது கேட்டாத்தான் நான் பேப்பரில அடுத்த பக்கம் திருப்புவன். ஒருநாள் எண்டாலும் எழும்பி வந்திருக்கலாம். வரேல்லை."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் கப்பை நானே உங்கள் பக்கம் தள்ளினேன். மச்சான், குடிங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு:

"ஆறிடும், குடிங்கையா."

கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தீர்கள். "உம்மைத் திருத்த ஏலாது லா."

அடுத்த சனிக்கிழமை நீங்கள் இல்லை. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த உங்கள் மகன், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுகிற இந்தக் கிழவன் யாரென்று கேட்டார். தோட்டத்து ஆளுங்க என்றேன்.

நேற்று அந்தக் கடைச் சுவரிலும் ஆணி அடித்து, வரிசையாகக் குவளைகளை மாட்டியிருந்தார்கள், அழகுக்கு. குழாய் எங்கே என்று என் கண் ஒருமுறை தேடியது. பிறகு குவளையை எடுத்துக் குடித்தேன். பாதி குடித்ததும் கீழே வைத்து, எதிர் நாற்காலியின் பக்கம் மெல்ல நகர்த்தினேன்.

"போலாமா மாமா? பாதி அப்படியே இருக்கே."

"இருக்கட்டும்மா. அது என் பங்கு இல்ல."

அவள் முன்னால் போனாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"மச்சான், சீனி கொஞ்சம் தூக்கல்தான்" என்றேன். சத்தமாகவே வந்தது, பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ குடி. டாக்டர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."