இடுப்பில் விட்ட துணி

செவ்வாய்க்கிழமை.

என் வீட்டுக்காரரின் கால் விரலை நாளைக்கு ஆஸ்பத்திரியில் எடுக்கப் போகிறார்கள்.

"அஞ்சு வருஷமா சீனி போடாத தே ஓ கோசோங் தேத்தண்ணிதான் லா டாக்டர், சீனியே தொடல," என்றார் இவர்.

டாக்டர் இவர் தொப்பையைக் காட்டினார். "சீனி மட்டும் இல்ல அங்கிள். வயித்துக் கொழுப்பு சும்மா கிடக்கல, ஹார்மோன் சுரக்குது. அதுல சிலது இன்சுலின வேலை செய்ய விடாது."

தையல்காரி நான். பிரிக்பீல்ட்ஸ் கடையில் எல்லாருக்கும் செய்கிற மாதிரி, இவர் கால்சட்டை சிலுவாருக்கும் இடுப்பில் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். தீபாவளிக்குத் தீபாவளி பிரித்துப் பெரிசாக்கினேன். ஒருநாளும் இவருக்கு இறுக விட்டதில்லை.

நாளைக்குப் போட வேண்டிய சிலுவாரை இப்போதுதான் பிரித்தேன். உள்ளே துணி மிச்சமில்லை.