கேக்கும் கம்பியும்

அன்புள்ள அப்பாவுக்கு சிவரஞ்சனி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? கனடாவில் ஒரே பனி. எனக்குச் சளி மட்டும்தான், பயப்பட வேண்டாம்.

நேற்றுப் பண்ணையில் நான்தான் இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று கேக் வெட்டினார்கள். போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். கையில் இருப்பது தக்காளிச் செடி இல்லை அப்பா, கஞ்சா. இங்கே லைசென்ஸ் வாங்கி வளர்க்கிறார்கள். இரண்டு வருஷமாகத் தக்காளிப் பண்ணை என்று உங்களிடம் பொய் சொல்லிவந்தேன்.

அதே கஞ்சாவில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருந்ததற்காகத் தம்பி விக்ரம் ஜெயிலில் இருக்கிறான். ஜாமீனுக்குக் கையெழுத்துக் கேட்ட அம்மாவிடம், "எனக்கு அப்பிடி ஒரு மவனே இல்லடி, போ அங்கிட்டு" என்றீர்களாம். என் விசாவுக்காக விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைத்த கை, அவனுக்காகப் பேனா பிடிக்காதா?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்று டிவியில் கத்துகிறவர்கள் கத்தட்டும். அவன் புகைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க அதையே கத்தரிக்கிற எனக்குக் கேக், அவனுக்குக் கம்பியா? அவனைத் தலைமுழுகுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் தலைமுழுகுங்கள்.

ஜாமீன் எடுக்கப் போகும்போது அவனுடைய மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். எனக்கு அம்மா அரைத்த ரசப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையில் அந்தச் செடி வாசனைதான் அடிக்கிறது, சோறு இறங்கவில்லை.

ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது. ஜாமீன் தாளில் உறவுமுறை என்று ஒரு இடம் இருக்கும். அதில் 'அப்பா' என்று எழுதுங்கள்.

சிவரஞ்சனி