புழு பூச்சி

கும்மிடிப்பூண்டி
16.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நர்மதா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஏழாம் மாதம், தண்ணீர்க் குடம் தூக்காதே.

போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். கடிதம் என்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இந்தக் காகிதம்.

நேற்று மியூசியத்தில் உன் பிள்ளைகள் இரண்டும் என்னைப் படுத்திய பாடு! ரயில் செவ்வாப்பேட்டை தாண்டுவதற்குள் கட்டிக்கொண்டு போன புளிசாதம் காலி. திமிங்கல எலும்பைப் பார்த்து பார்த்தி, "இத்த யாரு துன்னாங்க?" என்று கேட்டான். காவலாளிகூடச் சிரித்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியில் குண்டூசி குத்தி வைத்த பட்டாம்பூச்சிகளைப் பார்த்து பூமிகாவுக்கு முகம் வாடிப்போனது. உயிரோடு பறப்பதைக் காட்டலாம் என்று பின்னாலிருந்த பூங்காவுக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு செடி முழுக்கப் புழு. இதுதான் பட்டாம்பூச்சியாகும் என்றேன். பூமிகா என் வயிற்றில் கை வைத்து, "சித்தி, உன் வயித்துல ஒரு புழு பூச்சிகூட இல்லியாமே? அம்மா சொல்லிச்சு. இங்க எவ்ளோ கீது பாரு, ஒண்ண எட்த்து முழுங்கிடு" என்றாள். பார்த்தி உடனே ஓடிப்போய் வேலியிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, "இந்தா சித்தி, பாப்பா" என்று நீட்டினான். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கை தடித்துவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஊரில் எல்லா வாயும் என்னை அப்படிச் சொல்லிவிட்டது அக்கா. உன் வாய் மட்டும் சொன்னதில்லை. அதை நம்பித்தான் உன் வாசலுக்கு வருகிறேன். உன் மாமியார் சொன்னதைக் குழந்தை மாற்றிச் சொல்லியிருக்கும். "நான் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடு, போதும்.

உன் பிரியமுள்ள தங்கை,
நர்மதா


திருப்பாச்சூர்
24.6.2025

அன்புத் தங்கை நர்மதாவுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் இன்னும் திமிங்கலக் கதைதான். நீ வாங்கித் தந்த தொப்பியைப் பார்த்தி தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

பொய் எழுத எனக்கு வரவில்லை. நான்தான் சொன்னேன். "மலடிகூட எதுக்கு புள்ளைங்கள அனுப்புற?" என்று அத்தை குதித்தார். "போவட்டும் வுடு அத்தை, அவ வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல, ஒரு நாளாவது ஆசை தீரட்டும்" என்றேன். உனக்காகப் பரிந்து பேசப்போய் வந்த வார்த்தை அது. அதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறாயே. நான் சொல்லாமலிருந்தால் மட்டும் உனக்குப் பிறந்துவிடுமா?

பார்த்திக்கு இரண்டு நாள் காய்ச்சல். அத்தை மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார், நெடியே வரவில்லை. உன் கண்தான் என்கிறார். இனி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்காதே. என்னால் தினம் மல்லுக்கட்ட முடியாது.

ஜூலை ஆறாம் தேதி வளைகாப்பு, மூன்றாவதுக்கும் போட்டே ஆகவேண்டும் என்கிறார் அத்தை. நீ வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். வளையல் போட்டு முடித்த பிறகு வா. பந்தி பரிமாறவும் ஆள் வேண்டும்.

எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்பு அக்கா,
காயத்ரி


கும்மிடிப்பூண்டி
28.6.2025

காயத்ரிக்கு,

பந்திக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

உன் மாமியார் மலடி என்றார், அது அவர் குணம். நீ என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உனக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அதையும் என் கண் கணக்கில் சேர்த்துக்கொள்.

பிள்ளைகள் சித்தி எங்கே என்று கேட்பார்கள். செத்துப்போய்விட்டாள் என்று சொல். உன் மாமியாரைச் சொல்ல விடாதே, நீயே சொல். நீ எதைச் சொன்னாலும் அவர்கள் அப்படியே நம்புகிறார்கள்.

நர்மதா