குவியலும் கல்லூரியும்

செப்டம்பர் 2

இன்று கல்லூரிப் பிள்ளைகள் என் காய்கறிக் கடைக்கு வந்து, நான் கழித்துப் போடும் காய்களை எடை போட்டார்கள். பாடமாம். பொருளை வீணாக்காமல் பிழைப்பு நடத்துவது எப்படி என்று ஊர்க் கடைகளோடு சேர்ந்து படிக்கிறார்களாம். கடையைக் காட்டிக் கொடுத்தது என் மகள். வகுப்பில் எழுந்து, "எங்க அப்பா கடைக்கு வாங்க" என்றிருக்கிறாள். என்னிடம் நேற்றுதான் சொன்னாள். தக்காளிதான் அதிகம். தராசைப் பார்க்க எனக்கே மனம் வரவில்லை.

செப்டம்பர் 5

ஆசிரியை வந்தார். "மதியத்துக்கு மேல குவியல நிரப்பாம விட்டுப் பாருங்க சார். ரெண்டு வாரம் போதும். கம்மியா வாங்கினா கம்மியாத்தானே வீணாகும்?"

கணக்கு சரி. வியாபாரம் வேறு. குவியல் நிறைந்திருந்தால்தான் கை தானாக வந்து பொறுக்கும். கூடையின் அடி தெரிந்தால் கழிசல் என்று நினைத்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். கடை சாத்தும்வரை மலை மாதிரி வைத்துத்தான் நான் இந்தத் தெருவில் ஆளானேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 9

மூன்று மணிக்கே கூடை பாதி. எதிர்க்கடைக் குவியலையே எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 11

வழக்கமாக வரும் அம்மா ஒருவர் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே, "என்னப்பா, கடைய காலி பண்றியா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எதிர்க்கடைக்காரன் விளையாடவில்லை. தெருவைக் கடந்து வந்து, "கஷ்டம்னா மறைக்காதீங்கண்ணே. கடைய நானே எடுத்துக்கிறேன்" என்றான். கரிசனம் பொத்துக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 12

லாரிக்காரர் சரக்கை இறக்கவில்லை. வருஷக் கணக்கான பழக்கம், வாரக் கடைசியில்தான் பணம் வாங்குவார். இன்று வண்டியிலிருந்தே பேசினார்: "தப்பா எடுத்துக்காதீங்க முதலாளி. இனிமே கைல காசு குடுத்தா எறக்குறேன். வெளிய ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? கழிவு குறைந்தது உண்மை. கூடவே என் பேரும் குறைகிறதே. அதை எந்தப் பிள்ளை எடை போடுகிறது?

வீட்டில் மகளிடம் கத்திவிட்டேன். "உனக்கு மார்க்கு, எனக்கு மண்ணா?"

"மார்க்குதான் வேணும்னா வேற கடைய காட்டியிருப்பேன்ப்பா" என்றாள். வீட்டுக்காரி எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டும் ஒரே மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நான் யாரச் சமாதானம் பண்ண?" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 13

பேசாமல் நிரப்பிவிடலாமா? யார் கேட்கப் போகிறார்கள்—

மகள் கேட்க மாட்டாள். வெறுமனே பார்ப்பாள். அதுதான்.

செப்டம்பர் 15

நானே கல்லூரிக்குப் போனேன். ஆசிரியையின் அறை முழுக்கப் புத்தகம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து போட்டு உடைத்தேன்.

"பாடம் உங்களுக்கு, நஷ்டம் எனக்கு. இதுக்குப் பேரு கூட்டு இல்ல டீச்சர். கூட்டுன்னா ரெண்டு பக்கமும் கை நனையணும்."

அவர் மறுக்கவில்லை. "நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க."

யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "உங்க விடுதிக்கு தக்காளி ஒரே அளவுல, பளபளன்னு கேட்டு வாங்குறீங்க. அண்டாவுல கொதிக்கப் போறதுக்கு அழகு எதுக்கு? என் கடையில மிஞ்சுறத எடுத்துக்கோங்க. குவியல் பழையபடி இருக்கட்டும்."

சிரித்துவிட்டார். முதல்வரிடம் கேட்கவேண்டுமாம். கேட்கட்டும்.

செப்டம்பர் 17

விடுதிச் சமையல்காரர் வந்து ஒவ்வொரு காயாக அமுக்கிப் பார்த்தார். "புள்ளின்னா வெட்டிக்குவேன். கசிஞ்சா தொட மாட்டேன்." நேராகப் பேசுகிற ஆள், பிடித்தது. கிளம்பும்போது, "லீவு விட்டா விடுதிய பூட்டிருவாங்க, தெரியும்ல?" என்றார்.

தெரியாது. யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு மூட்டையைக் கட்டுவார்கள். இரண்டு மாதக் குவியலை நான் தலையில் வைத்துக்கொண்டு நிற்பதா?

செப்டம்பர் 22

லாரிக்காரர் இன்னும் கையில்தான் காசு கேட்கிறார். இரண்டு வாரம் முடிந்து குவியல் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது; அவர் நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை.

மாலை கல்லூரியில் முதல்வரோடு பேச்சுவார்த்தை. மகள் மற்ற பிள்ளைகளோடு உட்காரவில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விடுமுறைப் பேச்சு வந்ததும் நான் வாயைத் திறக்குமுன் அவளே, "மேடம், நமக்குத்தான் லீவு. தக்காளிக்கு யாரு லீவு விட்டா?" என்றாள். முதல்வர் கண்ணாடியைத் துடைத்தபடி ஆசிரியையைப் பார்த்தார். கடைசியில் இருவரும் தலையசைத்தார்கள்.

முடிவானது இது. தினமும் மிஞ்சும் காய்க்குக் காலை விலையில் பாதி. புள்ளி சேரும், கசிவு சேராது. வண்டி அவர்களுடையது. விடுமுறையில் வேறொரு சமையற்கட்டைத் தேடிப் பிடிப்பது கல்லூரி பாடு. பிடிக்காவிட்டாலும் பாதி விலை எனக்கு வந்துவிட வேண்டும்.