ஸ்பீக்கர் இரைச்சலும் உஷாவின் கையும்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

இனியா வாங்கி அனுப்பிய ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரில் மாட்டியாயிற்று. போனில் அவள் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும். இருபத்தாறு வருஷம் போர்வெல் ரிக் வண்டிப் பக்கத்தில் நின்ற காது. இதிலாவது கேட்குமென்று வீடியோ கால் போட்டு உட்கார்ந்தால், அவள் குரலுக்கு மேலே ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல். ஜெர்மனியிலிருந்து மகள் என்னமோ சொல்கிறாள், நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். கேட்டுச் சொல்ல வீட்டுக்காரி உஷாவும் இல்லை, தம்மம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். எதற்கு ஆட்டினேனோ.

10 பிப்ரவரி

ஒயரை மாற்றினேன். வேறு பிளக்கில் செருகினேன். ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். போகவில்லை, சனியன்.

13 பிப்ரவரி

இரைச்சல் ஸ்பீக்கரிலா, என் காதிலா? இப்படி ஒரு பயம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மிச்சமிருப்பதும் போய்விட்டால் பிள்ளை குரலை எப்படிக் கேட்பேன்? ஊரிலிருந்து திரும்பிய உஷாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். “எனக்கும்தானுங்க கேக்குது. உங்க காதுக்கு ஒண்ணுமில்ல” என்றாள்.

அப்பாடா.

16 பிப்ரவரி, ஞாயிறு

அதிசயம்! தூசி துடைக்க உஷா கம்ப்யூட்டர் பெட்டியில் கை வைத்தாள், இரைச்சல் அடங்கியது. எடுத்தாள், வந்தது. நான் வைத்தேன், அடங்கவில்லை. “உங்க பேச்சை எது கேட்டுச்சு, இது கேக்க?” என்று சிரித்தாள்.

இனியா கூப்பிட்டபோது உஷா பக்கத்தில் நின்று பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் கேட்டது! மே மாதம் ஊருக்கு வருகிறாளாம். போன வாரமே சொன்னாளாம், நான் தலையாட்டினேனாம்.

23 பிப்ரவரி

இன்றும் உஷா கை. ஒரு மணி நேரம் பேச்சு. “அம்மா தோளுதாம்ப்பா தெரியுது, மூஞ்சியவே காணோம்” என்றாள் இனியா.

2 மார்ச், ஞாயிறு

பேச்சுக்கு நடுவில் உஷா கையை வெடுக்கென்று எடுத்து, மறு கையை வைத்தாள்.

“என்ன, மரத்துப்போச்சா?”

“லேசா சுர்ருங்குதுங்க. மொதல் நாள்லருந்தே அப்படித்தான்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வைக்க உடமாட்டீங்க. புள்ள பேசறத நீங்க கேக்கோணுமல்லங்க?”

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். இனியாவிடம் சொல்லக்கூட இல்லை. மூணு ஞாயிறு... அட கடவுளே, மூணு ஞாயிறும் நின்னிருக்கா.

3 மார்ச்

எலக்ட்ரீஷியன் தங்கமுத்து, கூப்பிட்ட அரை மணியில் நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்துவிட்டார். பிளக்கின் கரண்ட் ஓட்டைக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவில் பல்பை வைத்துச் சோதித்தார். எரியவில்லை. “அண்ணா, ஊட்ல எர்த்தே இல்லீங்க. நீங்க ரப்பர் செருப்பு, அக்கா வெறுங்காலு. இத்தன நாளு அக்காதானுங்க எர்த்து, பெட்டிக் கரண்டு அவங்க வழியாத்தான் தரைக்கு எறங்கிருக்குது.”

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போர்வெல் வரை நடந்தார். “ஏனுங்ண்ணா, பிளாஸ்டிக் பைப்புல எர்த்தக் கட்டுனது ஆரு?”

நான்தான். போன வருஷம் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் இறக்கினோம். கழற்றிய ஒயரை அதே இடத்தில் கிளாம்ப் போட்டு, சுத்தமாக முறுக்கிக் கட்டியவன் நான். ஆயிரம் போர் போட்டவன்! பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாதென்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.

தங்கமுத்து சிரிக்கவில்லை. “பிரிட்ஜோ கிரைண்டரோ ஒரு நா கசிஞ்சிருந்தா, அத்தனையும் இந்த எர்த் ஒயர் வழியா அக்கா கைக்கு வந்திருக்கும். இரைச்சல் போட்டது நல்லதாப் போச்சுங்க.”

திட்டித் தீர்த்த அந்த இரைச்சலைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

4 மார்ச்

எர்த்துக்குத் தனியாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பி இறக்கியாயிற்று. கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்சும் மாட்டிவிட்டார். இரைச்சல் துளியும் இல்லை. தங்கமுத்து நல்லா இருக்கோணும்.

உஷாவிடம் என்ன சொல்வது? “இனிமே சுர்ருன்னா உடனே சொல்லு” என்றேன். அதையும் கோபமாகச் சொல்லித் தொலைத்தேன்.

9 மார்ச், ஞாயிறு

இரண்டு நாற்காலி போட்டேன். செருப்பை வாசலிலேயே விட்டேன். “ஏம்மா, இப்பத்தான் உன்ன முழுசா பாக்கறேன், இளைச்சுட்டியா?” என்று ஆரம்பித்தாள் இனியா. அப்புறம் அரை மணி நேரம் தாயும் மகளும்தான். எனக்கு முறையே வரவில்லை. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது, அங்கே அவள் வீட்டுக் குக்கர் விசில் உட்பட.

நடுவில், பழக்கதோஷத்தில் உஷாவின் கை பெட்டிப் பக்கம் போனது. பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஐயோ, உடுங்க. புள்ள பாக்குது” என்றாள்.

பார்க்கட்டும்.